சின்ன நோய்க்கும் ஒரு வாசல்

2020 ஜூன் 19-ஆம் தேதி சென்னையிலும், அதை ஒட்டிய காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டப் பகுதிகளிலும் மறுபடி முழு ஊரடங்கு வந்தது. மளிகையும் காய்கறியும் பகல் 2 மணி வரைதான். அதையும் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நடந்துபோய் வாங்க வேண்டும். தேவையில்லாமல் சுற்றும் வண்டிகளைப் போலீஸ் பறிமுதல் செய்யும். தமிழ்நாட்டில் தொற்று கண்டவர்களின் எண்ணிக்கை அதற்குள் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அதில் பெரும் பங்கு சென்னையுடையது.

அந்த வாரத்தில்தான் பெரம்பூரில் குடியிருக்கும் ஒரு பெண்ணுக்கு வலது கண்ணில் உறுத்தல் தொடங்கியது.

அவர் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவர். கொம்பா காலா, ஒற்றா புள்ளியா என்று எழுத்து எழுத்தாகப் பார்ப்பதுதான் பிழைப்பு. ஊரடங்கில் அச்சகங்கள் மூடிக்கிடந்தாலும், பி.டி.எஃப். வடிவில் புத்தகங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. வேலை குறைந்திருந்த ஒரு பிற்பகல், பரணில் கட்டிப் போட்டிருந்த பழைய புரூஃப் கட்டுகளை இறக்கித் தூசி தட்டினார். இரவில் கண் உறுத்தியது. காலையில் சிவந்து, நீர் வடிந்தது. ஜன்னல் திரையை விலக்கினால் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது.

வேறு காலமாக இருந்தால் இது ஒரு செய்தியே இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் கண் டாக்டரிடம் சாயங்காலம் போய், சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு, வரும் வழியில் கீரைக்கட்டும் வாங்கி வந்திருப்பார். அந்த ஜூன் மாதத்தில் அப்படி முடியவில்லை. வீட்டில் அவருடைய அம்மா இருந்தார். எழுபதைத் தாண்டிய வயது, பல வருடச் சர்க்கரை நோய். தொற்று வந்தால் யாருக்கு ஆபத்து என்று தினமும் தொலைக்காட்சியில் சொன்னார்களோ, அந்த வரையறையில் அம்மா ஒவ்வொரு வார்த்தைக்கும் பொருந்தினார். வீட்டை விட்டு வெளியே வைக்கும் ஒவ்வோர் அடியும் அம்மாவின் மூச்சோடு சம்பந்தப்பட்டதாக இருந்தது.

குடியிருப்பில் செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. எதிர் வீட்டு அக்கா கதவுக்கு வெளியே நின்றபடியே நந்தியாவட்டைப் பூவைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனார். இன்னொருவர் பன்னீர் விடச் சொன்னார். விளக்கெண்ணெய் என்றார் மற்றொருவர். மாடி வீட்டுக்காரர் மட்டும் படிக்கட்டில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆஸ்பத்திரிப் பக்கம் போயிடாதீங்கம்மா. கண்ணு சிவந்தாலும் கொரோனாதான்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. டெஸ்ட் எடுத்துட்டா அவ்ளோதான், நம்ம வாசல்ல தகரம் அடிச்சிடுவாங்க."

மாடி வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. கொரோனா தொற்றியவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குக் கண் சிவப்பு வருவதை மருத்துவர்கள் பதிவு செய்திருந்தார்கள். தொற்று வந்த வீடுகளின் கதவில் மாநகராட்சி ஒட்டிய தனிமைப்படுத்தல் தாளையும், தெரு முனைகளில் எழுந்த தகரத் தடுப்புகளையும் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மீதிப் பாதி பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்ய அவருக்கு மனம் வரவில்லை. அன்றாடக் கூலிக்குப் போகும் குடும்பங்கள் இருக்கும் குடியிருப்பில், ஒரு தகரத் தடுப்பு என்பது அடுப்பெரியாத இரண்டு வாரம்.

தெருமுனை மருந்துக்கடைக்கு முதலில் போனார். கயிறு கட்டித் தள்ளி நிற்க வைத்திருந்தார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து கேட்டதும் கடைக்காரர் தலையை ஆட்டினார். "கண்ணு விஷயம்மா. டாக்டர் எழுதிக் குடுத்தா தர்றேன், நானா தரமாட்டேன்." அந்த மறுப்பின் மதிப்பு அவருக்குப் பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. சிவந்த கண்ணுக்குக் கடைகளில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். விட்ட சில மணி நேரத்தில் சிவப்பு குறையும், குணமாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் சிவப்புக்குக் காரணம் கருவிழியில் வந்த ஹெர்பிஸ் வைரஸ் புண்ணாக இருந்தால், அதே மருந்து புண்ணை விரித்துப் பார்வையையே பறித்துவிடக் கூடும்.

பக்கத்துத் தெருக் கண் கிளினிக்கின் ஷட்டர் மார்ச் கடைசியில் இறங்கியதுதான். ஷட்டரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மருத்துவருடைய கைப்பேசி எண், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்ற குறிப்பு, அவசரம் என்றால் போக வேண்டிய மருத்துவமனைகளின் பெயர்கள். அறுபதைத் தாண்டிய மருத்துவர் அவர். ஓர் அறைதான் கிளினிக். அதில் ஜன்னலும் கிடையாது. அப்படிப்பட்டவர் மூடியதில் நியாயம் இருந்தது. மூடிய கதவில் எண்ணை ஒட்டிவிட்டுப் போனதில் அக்கறையும் இருந்தது.

கூப்பிட்டதும் எடுத்தார். படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

தொலைபேசியில் நோயாளியைப் பார்ப்பதற்கு இந்தியாவில் முறையான வழிகாட்டுதல் வந்தது, நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய அதே நாளில்: 2020 மார்ச் 25. ஏப்ரல் 13-ஆம் தேதி மத்திய அரசின் இ-சஞ்சீவனி புறநோயாளி சேவை தொடங்கியது. வீட்டிலிருந்தபடியே, காசு செலவில்லாமல் மருத்துவரை வீடியோவில் பார்க்கலாம். தொடக்க மாதங்களில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. அம்மாவின் சர்க்கரை மாத்திரைச் சீட்டை அவர் அப்படித்தான் புதுப்பித்திருந்தார். பஸ் ஏறாமல், வரிசையில் நிற்காமல் அது நடந்ததில் அவருக்கு மிகுந்த நிம்மதி.

கண் அப்படி இல்லை. கைப்பேசிப் படம் வெள்ளை விழி சிவந்திருப்பதைக் காட்டும். ஏன் சிவந்தது என்று காட்டாது. மருத்துவர் நிறையக் கேட்டார். பீளை கட்டுகிறதா, வெளிச்சம் கூசுகிறதா, இடது கண்ணை மூடிக்கொண்டு நாள்காட்டியைப் படிக்க முடிகிறதா, இமையைச் சிமிட்டும்போது உறுத்தல் கூடுகிறதா. பதில்களைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கூச்சம் இருக்கு, பார்வையும் கொஞ்சம் மங்குதுங்கறீங்க. இது போன்ல பாக்கற கேஸ் இல்லம்மா. கருவிழிய லென்ஸ் வெச்சுப் பாத்தே ஆகணும். பயப்படாம போங்க. கண்ணைக் கசக்கிடாதீங்க, அது மட்டும்." அந்தத் தாளில் இருந்த பெயர்களிலிருந்து ஒரு கண் மருத்துவமனையை அவரே தேர்ந்து சொன்னார். கூடவே ஒரு சீட்டும் எழுதிக் கைப்பேசிக்கு அனுப்பினார். போலீஸ் தடுப்பில் காட்ட அது உதவும் என்றார்.

ஆட்டோ, டாக்ஸிகளுக்கு அந்த ஊரடங்கில் மருத்துவ அவசரத்துக்கு மட்டும்தான் அனுமதி. தெருவில் ஆட்டோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் வரச் சம்மதித்தார். ஓட்டுநர் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவில் கனத்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டி, ஓரங்களை டேப் போட்டு ஒட்டியிருந்தார். பெரம்பூர் மேம்பாலத்தில் வண்டியே இல்லை. புரசைவாக்கத்தில் நகைக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் இழுத்து மூடியிருந்தன. அந்தச் சாலையின் முழு அகலத்தையும் அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

தடுப்பில் ஒரு பெண் காவலர் கை காட்டினார். கைப்பேசிச் சீட்டைக் காட்டியதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். சிவந்து, பாதி மூடிக்கொண்டிருந்த கண்ணைப் பார்த்ததும் ஒரு எட்டுப் பின்னால் போனார். பிறகு தன் முகக்கவசத்தை இழுத்துச் சரி செய்துகொண்டு, "போங்கம்மா, சீக்கிரம் போய்க் காட்டுங்க" என்று தடுப்பை நகர்த்தச் சொன்னார். வெயிலில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவர். எத்தனை பேர் எத்தனை காரணம் சொன்னார்களோ.

கண்ணுக்கும் இந்த ஊருக்கும் நீண்ட உறவு உண்டு. 1819-ஆம் ஆண்டிலேயே கண்ணுக்கென்று தனி மருத்துவமனை கண்ட ஊர் சென்னை. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்றான அது எழும்பூரில் இன்றும் அரசு மருத்துவமனையாக இயங்குகிறது. கிராமங்களிலிருந்து கண்ணுக்குப் பச்சைத் துணி கட்டிக்கொண்டு ஆட்கள் ரயிலேறி வந்த ஊர். அந்த ஜூனில் சென்னைக்குப் புறநகர் ரயிலும் இல்லை, மாநகரப் பேருந்தும் இல்லை.

மருத்துவமனை வாசலில் இரண்டு கயிற்றுப் பாதைகள் பிரிந்தன. இடது பக்கம் சாமியானா போட்டு, மின்விசிறி வைத்து, திறந்த வெளியில் நாற்காலிகள். காய்ச்சல், இருமல் இருப்பவர்கள் அங்கே. மற்றவர்கள் வலது பக்கம். முழு உடல் கவசத்துக்குள் இருந்த செவிலியர் நெற்றிக்கு நேரே தெர்மல் ஸ்கேனரை நீட்டினார். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வீட்டில் யாருக்காவது தொற்று உண்டா, மணமும் ருசியும் தெரிகிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டார். கவசத்தின் உள்ளிருந்து வரும் குரலைக் கேட்க எல்லோருமே காதைக் கொஞ்சம் முன்னே கொண்டுபோனார்கள். "தள்ளியே நில்லுங்க, நான் சத்தமா சொல்றேன்" என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூன் மாதச் சென்னையின் புழுக்கத்தில் அந்த உடைக்குள் ஒருவர் மணிக்கணக்கில் நிற்பது எப்படி இருக்கும் என்று நினைக்கும்போதே அவருக்கு வியர்த்தது.

துணைக்கு வந்தவர்களை உள்ளே விடவில்லை. குழந்தைகளோடும், தனியாக நடக்க முடியாத முதியவர்களோடும் வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. நாற்காலிகளில் ஒன்று விட்டு ஒன்றில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி. ஏ.சி.யை நிறுத்தி, எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்திருந்தார்கள். உட்காரும் இடம் பாதியானதால் கூடத்துக்குள் சிலரைத்தான் விட முடிந்தது. மற்றவர்கள் வேப்ப மரத்தடியில் வெள்ளை வட்டங்களுக்குள் நின்றார்கள்.

மரத்தடியில் நின்றவர்களின் பேச்சிலிருந்துதான் அவருக்குப் பல விஷயங்கள் புரிந்தன. செங்குன்றத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவருக்குக் கண் அழுத்த நோய். தினமும் இரவில் விட வேண்டிய சொட்டு மருந்து தீர்ந்துபோய், அவர் பகுதியில் கிடைக்காமல், சில வாரங்கள் விடாமலே இருந்துவிட்டார். அந்த நோயில் போன பார்வை திரும்பாது. இன்னொரு அம்மாவுக்குக் கண்புரை அறுவைக்கு மார்ச் கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். ஊரடங்கில் தள்ளிப்போனது. தள்ளிப்போன மாதங்களில் புரை முற்றி, கண்ணில் அழுத்தம் ஏறி, தலைவலியும் வாந்தியுமாக அன்று வந்திருந்தார். சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்து, மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய ஒருவர், பேருந்து இல்லாததால் ஊசிகளைத் தவறவிட்டிருந்தார். யாருக்கும் கொரோனா இல்லை. ஆனால் எல்லோருமே கொரோனா காலத்து நோயாளிகள்.

உலக சுகாதார நிறுவனம் அந்த வருடம் மார்ச் முதல் ஜூன் வரையிலான நிலையைப் பற்றி 105 நாடுகளில் விசாரித்தது. கிட்டத்தட்ட 90 சதவீத நாடுகள், அத்தியாவசிய மருத்துவச் சேவைகள் ஏதோ ஒரு வகையில் தடைபட்டதாகக் கூறின. ஆகஸ்டில் அந்த அறிக்கையைப் பற்றிப் படித்தபோது, அவருக்கு அந்த மரத்தடியின் வெள்ளை வட்டங்களில் நின்ற ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது.

கண் மருத்துவர்கள் பலர் ஏன் மூடினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தொற்றைப் பற்றிச் சக மருத்துவர்களை முதலில் எச்சரித்தவர்களில் ஒருவர், சீனாவின் வூஹான் மத்திய மருத்துவமனையில் பணியாற்றிய லீ வென்லியாங். அவர் கண் மருத்துவர். 2019 டிசம்பர் 30-ஆம் தேதி நண்பர்களுக்குச் செய்தி அனுப்பினார். வதந்தி பரப்பியதாக ஜனவரி 3-ஆம் தேதி காவல் துறை அவரைக் கண்டித்துக் கையெழுத்து வாங்கியது. அறிகுறியே இல்லாத கண் அழுத்த நோயாளி ஒருவரைப் பரிசோதித்தபோது அவருக்குத் தொற்றியதாகக் கருதப்படுகிறது. பிப்ரவரி 7-ஆம் தேதி இறந்தார். வயது 33. அதே மருத்துவமனையின் கண் மருத்துவர்கள் மெய் ஜோங்மிங், ஜூ ஹெபிங் இருவரும் மார்ச் மாதத்தில் இறந்தார்கள்.

கண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் கிட்டே வந்துதான் ஆக வேண்டும். ஸ்லிட் லேம்ப் என்ற கருவியின் ஒரு பக்கம் நோயாளி தாடையை வைப்பார். மறுபக்கம் மருத்துவர் கண்ணை வைப்பார். இரண்டு மூக்குகளுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. இந்தியக் கண் மருத்துவ இதழில் 2020-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் 1,260 கண் மருத்துவர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். அவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் ஊரடங்கில் நோயாளிகளை நேரில் பார்க்கவில்லை. தொடர்ந்து பார்த்தவர்களில் பெரும்பாலோர் அவசர நோயாளிகளை மட்டும் பார்த்தார்கள். மொத்தத்தில் நான்கில் மூன்று பேருக்கு மேல் தொலைபேசியிலோ வீடியோவிலோ ஆலோசனை சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஷட்டரில் எண் ஒட்டிய பெரம்பூர் மருத்துவரும் அந்த வகையினர்தான்.

சென்னை மருத்துவர்களுக்கு வேறொரு காயமும் இருந்தது. நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் ஏப்ரல் 19-ஆம் தேதி இறந்தார். உடலை அடக்கம் செய்யப் போன இடத்தில் கூட்டம் கூடி, ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்து துரத்தியது. நள்ளிரவுக்கு மேல் அவருடைய சக மருத்துவர் பிரதீப் குமார் தானே மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. கண் மருத்துவமனை வரிசையில் நின்றபோது இவருக்கு அந்தச் செய்தி திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. அதற்குப் பிறகும் இந்த ஊரில் ஒரு மருத்துவர், ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுவந்து கண்ணைப் பார்க்கத் தயாராக இருக்கிறார் என்றால், அதை எளிதாக எடுத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

முறை வந்தது. முதலில் பார்வைச் சோதனை. இடது கண்ணை மூடியபோது, தூரத்துப் பலகையில் கடைசி இரண்டு வரிகள் கரைந்துபோயிருந்தன. கண் அழுத்தம் பார்க்கக் காற்றை ஊதும் கருவிக்கு உறை போட்டு மூடியிருந்தார்கள். கண்ணில் படும் காற்று, கண்ணீர்த் துளிகளைத் தெறிக்க வைக்கும் என்பதால் அதைத் தவிர்த்திருந்தார்கள்.

மருத்துவர் முப்பதுகளில் இருந்த பெண். என்-95 முகக்கவசம், அதன் மேல் இன்னொரு முகக்கவசம். மேல் விளிம்பை மூக்கோடு சேர்த்துப் பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தார். ஒட்டாவிட்டால் மூச்சுக்காற்று மேலே ஏறிக் கருவியின் லென்ஸில் ஆவி படியும். நெற்றியில் ஃபேஸ் ஷீல்டு இருந்தது. ஆனால் கருவியில் கண்ணை வைக்கும்போது அது இடிக்கும் என்பதால், உயர்த்தித்தான் ஆக வேண்டும். பரிசோதனையின் மிக ஆபத்தான நிமிடத்தில் அந்தக் கவசம் பயன்படாது. அதற்குப் பதிலாகக் கருவியின் நடுவில் பெரிய ஒளிபுகும் தகடு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த நாட்களில் பல கண் மருத்துவர்கள் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவித் துளையிட்டு இதைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

"தாடைய இங்க வெச்சுக்கங்கம்மா. நெத்திய பட்டையில ஒட்டிக்கங்க. நான் பாக்கும்போது நீங்களும் பேச வேணாம், நானும் பேசமாட்டேன். எல்லாக் கேள்வியும் அப்புறம் கேக்கலாம்."

மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டார். சில நொடி எரிந்து, பல நாள் உறுத்தல் சட்டென்று அடங்கியது. ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த காகிதத் துண்டைக் கீழிமையில் தொட்டு எடுத்தார். அறை விளக்கு அணைந்தது. நீல வெளிச்சம் வந்தது. கருவிழியில் எங்கே கீறல் இருக்கிறதோ, அங்கே அந்தச் சாயம் பச்சையாக ஒளிரும். மருத்துவர் வெகு நேரம் பார்த்தது போலிருந்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, சுவரோரம் போய் நின்று பேசினார். "கருவிழியில மேல் பக்கமா, கோடு கோடா நேர்க்கீறல் இருக்கு. மேல் இமைக்கு அடியில ஏதோ ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் இப்படி வரும். ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் அது கோடு போடுது. இமையத் திருப்பிப் பாக்கணும். வலிக்காது, கீழ பாத்துட்டே இருங்க."

இமை முடியைப் பிடித்து, பஞ்சுக் குச்சியை மேலே வைத்து, இமையைப் புரட்டினார். அங்கே எள் முனையளவு ஒரு துகள். பரணில் தட்டிய தூசியில் இருந்த மண்ணோ, காகிதச் செதிளோ. ஈரப் பஞ்சால் ஒரே ஒற்று. கையுறை அணிந்த விரலில் பஞ்சை நீட்டிக் காட்டினார். அவ்வளவுதான் சிகிச்சை.

கிருமி தொற்றாமலிருக்கச் சொட்டு மருந்தும், உறுத்தல் தணிய இன்னொரு சொட்டு மருந்தும் எழுதினார். கண்ணைக் கட்ட வேண்டாம் என்றார். கீறல் தானே ஆறிவிடும், வலியோ மங்கலோ கூடினால் மட்டும் நேரில் வந்தால் போதும், மற்றபடி தொலைபேசியில் கூப்பிடுவோம் என்றார். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இதுக்குப் போய் இவ்வளவு தூரம் வந்துட்டேன். உங்களுக்கும் சிரமம். வராம இருந்திருக்கலாமோ?"

மருத்துவர் குரலை உயர்த்தியே சொன்னார்: "வந்ததுதான் நல்லது. அந்தத் துகள் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா கீறல்ல சீழ் புடிச்சிருக்கும். அப்ப வந்திருந்தீங்கன்னா அட்மிஷன் போடணும். சின்னதுலயே வர்றவங்களப் பாக்கத்தானே கதவத் தொறந்து வெச்சிருக்கோம்."

அந்தப் பதிலை அவர் பல வருடங்களாகப் பலரிடம் சொல்லி வருகிறார். அந்த ஊரடங்கு மாதங்களில் எல்லோர் பேச்சும் படுக்கைகள், ஆக்ஸிஜன், வென்டிலேட்டர் என்றே இருந்தது. அவை இல்லாமல் முடியாதுதான். ஆனால் சின்ன நோய்க்கு வாசல் அடைபட்டால், அந்த நோய் வீட்டிலேயே வளர்ந்து, சில வாரங்களில் பெரிய நோயாக அதே படுக்கைக்கு வந்து சேர்கிறது. சாமியானா போட்டுப் பாதையைப் பிரித்தவர்கள், ஜன்னலைத் திறந்தவர்கள், சிவப்பு டேப் ஒட்டியவர்கள், கவசத்துக்குள் நின்று நான்கு கேள்வி கேட்டவர் ஆகிய எல்லோரும் சேர்ந்து தடுத்தது இதைத்தான். அவர்களுடைய வேலைக்கு யாரும் கணக்கெடுக்கவில்லை. வராமல் போன சீழும் போகாமல் நின்ற பார்வையும் எந்த நாளின் செய்திக்குறிப்பிலும் இடம்பெறாது.

வீடு திரும்பியதும் வாசலிலேயே செருப்பை விட்டு, நேரே குளியலறைக்குப் போய், உடுத்திய புடவையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் குளித்த பிறகே கூடத்துக்கு வந்தார். அம்மாவிடமிருந்து தள்ளி, ஜன்னலோர அறையில் இரண்டு வாரம் படுத்துக்கொண்டார். அம்மா கதவுக்கு அப்பாலிருந்து தினமும் கண்ணைப் பற்றி விசாரித்தார். சொன்னபடியே மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். அதற்குள் அவர் மறுபடி மெய்ப்பு பார்க்கத் தொடங்கியிருந்தார். தூரத்துப் பலகையில் கரைந்திருந்த எழுத்துகள் முழுதாகத் திரும்பிவிட்டன.

மறு வருடம் மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தைத் தொட்டது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் தொற்று கண்டவர்கள் 36 ஆயிரத்தைத் தாண்டினார்கள். கூடவே, யாரும் எதிர்பாராத வகையில், கண் மருத்துவர்கள் அந்த அலையின் நடுவுக்கு வந்தார்கள். கட்டுக்கடங்காத சர்க்கரையும், கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்த உடல்களில், மூக்குத் துவாரத்தில் தொடங்கி கண்குழிக்குப் பரவும் பூஞ்சை நோய் நாடெங்கும் பெருகியது. மக்கள் அதைக் கறுப்புப் பூஞ்சை என்றார்கள். மே 20-ஆம் தேதி தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. அதற்கான ஆம்போடெரிசின்-பி மருந்து கிடைக்காமல் பல குடும்பங்கள் அலைந்தன. தாமதமாக வந்தவர்கள் பலருக்கு, உயிரைக் காக்கக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது.

அந்த மாதத்தில் ஒரு காலை, மாடி வீட்டுக்காரரின் மனைவி கைப்பேசியில் கூப்பிட்டார். கணவர் தொற்று குணமாகி வீட்டுக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு பக்கக் கன்னம் மரத்திருக்கிறது, இமை வீங்கியிருக்கிறது, வலிக்கிறது. "தூங்காததால வந்த வீக்கமா இருக்கும், ஒத்தடம் குடுத்தா சரியாயிடும்ங்கறார்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போகவே பயப்படறார்."

அவர் மாடிக்கு ஏறிப் போய், அறை வாசலில் நின்று, முகக்கவசத்தோடு மாடி வீட்டுக்காரரிடம் பேசினார். மரத்தடியில் நின்றவர்களைப் பற்றிச் சொன்னார். இமையைப் புரட்டிய மருத்துவரைப் பற்றியும், அவர் சொன்ன பதிலையும் சொன்னார். தெரு ஆட்டோத் தம்பியையே கூப்பிட்டார். மூக்கு, கண் இரண்டையும் பார்க்கும் வசதி இருக்கும் அரசு மருத்துவமனைக்கு அன்று மதியத்துக்குள் அவர்களை அனுப்பினார்.

ஸ்கேனில் பூஞ்சை மூக்குக் காற்றறைகளில் இருந்தது, கண்குழிக்குள் நுழையத் தொடங்கியிருந்தது. மூக்கு வழியாகவே கருவியைச் செலுத்தி, அழுகிய திசுவை அகற்றினார்கள். வாரக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். கண் தப்பியது. மாடி வீட்டுக்காரர் இப்போதும் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கும் கண் பிரிவுக்கும் தவறாமல் பரிசோதனைக்குப் போய்வருகிறார். குடியிருப்பில் யாருக்காவது சர்க்கரையோடு கண் வலியோ முக வீக்கமோ வந்தால், எந்த நாளில் எந்தப் பிரிவு இருக்கும், ஓ.பி. சீட்டு எத்தனை மணி வரை கொடுப்பார்கள் என்று முதலில் சொல்வது அவர்தான்.